நட்டு பதில் சொல்லும் வரை

லிஃப்ட்காரர் வீட்டுக் கதவை யாரும் தட்டக்கூடாது. தெரியாமல் யாராவது தட்டிவிட்டால், உள்ளே திரைச்சீலை தைத்துக்கொண்டிருக்கும் அவர் மனைவி மெஷினை அப்படியே விட்டுவிட்டு ஓடி வருவாள். "பெல் இருக்குல்ல? பூசணிக்காய் சைஸுக்கு மாட்டி வெச்சிருக்கோம், கண்ணுக்குத் தெரியலையா?" என்பாள். அந்த பெல்லை அழுத்தினால் ஒரு குருவி கத்தும். மாட்டியவர் லிஃப்ட்காரர்தான். "வாழ்நாள் பூரா இரும்பைத் தட்டின மனுஷன், வீட்லயாவது காதுக்கு ஓய்வு வேணுமாம்" என்று அவள் அக்கம்பக்கத்தில் சொல்லி வைத்திருந்தாள். காரணம் அது இல்லை என்று அவளுக்கு அரைகுறையாகத் தெரியும்.

முப்பத்திரண்டு வருஷம் லிஃப்ட் பழுது பார்த்தவர் அவர். அலுவலகங்கள், ஆஸ்பத்திரிகள், பத்து மாடிக் குடியிருப்புகள் என்று ஊரையே மேலும் கீழும் ஏற்றி இறக்கியவர், தான் மட்டும் படியில்தான் ஏறுவார். கேட்டால், "உள்ள என்ன இருக்குன்னு எனக்குத் தெரியுமே" என்று சிரிப்பார்.

வியாதி அவருடைய வலது கட்டைவிரலில் ஆரம்பித்தது. ஸ்க்ரூடிரைவர் திருகாணியின் பள்ளத்தில் உட்காராமல் வழுக்கிக்கொண்டே போனது. பழைய திருகாணி, தேய்ந்துவிட்டது என்று ஒரு வருஷம் சமாளித்தார். பிறகு புதுத் திருகாணியும் வழுக்கியது. டாக்டர் அவரை நடக்கவிட்டுப் பார்த்தார், கையை நீட்டச் சொன்னார், நடுக்குவாதம் என்றார். ஆளைச் சட்டென்று கொல்லாது, ஆனால் கூடவே இருக்கும், மாத்திரை போட்டால் கொஞ்சம் அடங்கியிருக்கும் என்று விளக்கினார்.

"என் மாமியார் மாதிரின்னு சொல்லுங்க" என்றாள் மனைவி. டாக்டர் சிரித்தார். லிஃப்ட்காரருக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் முகம் சிரிக்கவில்லை. முகத்தையும் வியாதி பிடித்துக்கொண்டிருந்தது.

கை நடுங்குவதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். கால் ஒட்டிக்கொள்வதுதான் கொடுமை. அறைக்குள் நன்றாக நடப்பார். வாசற்படி வந்தால் போதும், இரண்டு பாதமும் தரையில் ஆணி அடித்த மாதிரி நின்றுவிடும். உடம்பு முன்னால் போகப் பார்க்கும், கால் வராது. இந்த வியாதியில் வாசல்தான் எதிரி என்றார் டாக்டர். வாசலில் கண்ணுக்குப் பளிச்சென்று தெரிகிற மாதிரி ஒரு கோடு ஒட்டுங்கள், அதைத் தாண்டுகிற நினைப்பில் கால் தானாக எழும் என்று வழியும் சொன்னார். மனைவி அன்றைக்கே கடைக்குப் போய் மஞ்சள் டேப் வாங்கி வந்து, முட்டி போட்டு, நான்கு வாசலிலும் ஒட்டினாள்.

லிஃப்ட்காரர் கோட்டுக்கு முன்னால் வந்து நின்றார். நின்றார், நின்றுகொண்டே இருந்தார்.

"தாண்டுங்க."

"முடியல."

"ஏன்? எத்தனை பேருக்கு இதுல குணமாகுதாம்!"

"எங்க வேலையில மஞ்சக் கோடுன்னா தாண்டாதேன்னு அர்த்தம்மா. முப்பத்திரண்டு வருஷம்."

அவள் தலையில் அடித்துக்கொண்டு, ஒட்டின டேப்பை எல்லாம் உரித்தாள்.

கடைசியில் வழி காட்டியது நாய்தான். நட்டு என்று பேர். குட்டியாக இருந்தபோது அவருடைய கருவிப் பெட்டியில் தலையை விட்டு ஒரு நட்டை விழுங்கிவிட்டு, மூன்றாம் நாள் திருப்பிக் கொடுத்தது. அதனால் அந்தப் பேர். காப்பி நிறம், ஒரு காது நிமிர்ந்தும் ஒரு காது மடிந்தும் இருக்கும். ஒரு நாள் சமையலறை வாசலில் கால் ஒட்டிக்கொண்டபோது, பழக்க தோஷத்தில் அவர் வாயிலிருந்து "போலாமா?" என்று வந்துவிட்டது. நட்டுவுக்கு அந்தச் சொல் தெரியும். தெருவில் நடக்கக் கூட்டிப்போகும்போது அவர் சொல்கிற சொல். அது துள்ளி வந்து, வாசலுக்கு அந்தப் பக்கம் நின்று, "வள்" என்று ஒரே ஒரு தடவை குரைத்தது.

வலது கால் எழுந்து வாசலைத் தாண்டி அந்தப் பக்கம் விழுந்தது.

அவருக்கு உடம்பு சிலிர்த்தது. ஏனென்றால் "போலாமா?" என்பது நாய்க்காக உண்டான சொல் இல்லை. அது லிஃப்ட் குழிக்குள் பேசுகிற சொல். பழைய கட்டிடங்களில் ஒருவர் உச்சியில் மோட்டார் அறையில் இருப்பார். இன்னொருவர் அடியில், குழிக்குள் குனிந்து வேலை செய்வார். மேலே இருப்பவர் லிஃப்ட்டை நகர்த்துவதற்கு முன் "போலாமா?" என்று கத்த வேண்டும். கீழே இருப்பவர் ஒதுங்கி நின்றுகொண்டு "போலாம்" என்று பதில் கத்த வேண்டும். பதில் வராமல் நகர்த்தக்கூடாது. குரல் எழும்பாத நாளில் கீழே இருப்பவர் லிஃப்ட் ஏறி இறங்கும் இரும்புத் தண்டவாளத்தில் ஸ்பேனரால் மூன்று தட்டு தட்டுவார். ஆள் இருக்கு, நில்லு என்று அதற்கு அர்த்தம்.

பத்து வருஷம் அவருக்குக் கீழே நின்று பதில் சொன்னவன் ஒட்டடை. ஒட்டடைக் கம்பு மாதிரி நெட்டையாக, ஒல்லியாக இருப்பான். எந்தச் சந்திலும் நுழைந்துவிடுவான். பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் லிஃப்ட் இறங்கி, அவனுடைய இடது கால் முட்டிக்குக் கீழே நசுங்கிப் போனது. விசாரணையில் லிஃப்ட்காரரைக் கேட்டார்கள்.

"பதில் வந்துச்சா?"

"வந்துச்சு சார்."

"தட்டினேன்னு சொல்றானே?"

"ஏதோ சங்கிலி ஆடுற சத்தம் மாதிரிதான் சார் கேட்டுச்சு. தட்டல."

ஆஸ்பத்திரியில் ஒரே ஒரு தடவை போய்ப் பார்த்தார். ஒட்டடைக்கு அந்த வாரம் தொண்டை கட்டியிருந்தது. கட்டைக் குரலில், "நான் தட்டினேன்டா. மூணு தட்டு" என்றான். "கேக்கலடா" என்றார் இவர். அடுத்த வருஷமே ஒட்டடை வேறு ஏதோ காய்ச்சலில் போய்ச் சேர்ந்தான். சாவுக்கு இவர் போகவில்லை. வீட்டு வாசலில் குருவி பெல் ஏறியது அந்த மாதம்தான்.

இப்போது ஒரு நாய் அவனுடைய வேலையை எடுத்துக்கொண்டது.

யாரும் சொல்லிக்கொடுக்காமலே நட்டு தொழிலைக் கற்றுக்கொண்டது. அவர் நாற்காலியிலிருந்து எழுந்தால் அதுவும் எழும். எந்த வாசலை நோக்கிப் போகிறார் என்று பார்த்து, முந்திக்கொண்டு போய் அந்தப் பக்கம் நிற்கும். "போலாமா?" என்று கேட்டால் ஒரு குரைப்பு. இரண்டு கிடையாது. குரைத்ததும் நான்கு அடி பின்னால் போய் வழி விடும். முன்பெல்லாம் அவர் மேல் பாய்ந்து ஏறும் நாய் அது. ஒரு தடவை பாய்ந்ததில் அவர் மல்லாக்க விழுந்தார். அதற்குப் பிறகு அதன் முன்னங்கால் ஒரு நாளும் தரையை விட்டு எழவில்லை. தெருவில் பூனையைப் பார்த்தாலும் கயிற்றை இழுக்காமல் பல்லைக் கடித்துக்கொண்டு நடக்கும். காலை எட்டு மணி மாத்திரை வேலை செய்ய ஆரம்பிக்கும் வரை, தன் மூத்திரத்தையும் அடக்கிக்கொண்டு கதவுப் பக்கம் படுத்திருக்கும்.

"அவருக்கு வந்த வியாதி இதுக்கும் வந்துடுச்சு போல" என்பாள் மனைவி. "ரெண்டும் சேர்ந்து ஆமை ஊர்வலம் போகுது."

போன மழைக் காலத்தில் அவர் விழுந்தார். நாய் மேல் தப்பில்லை. மனைவி நாயைக் குளிப்பாட்டும் நேரத்தில் தனியாக நடந்துவிட்டார். புருவத்தில் ஐந்து தையல். வெளியூரில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கும் மகள் வந்து, மூன்று நாள் இருந்து, கிளம்பும்போது கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்:

"அப்பா, இன்னொரு தடவை விழுந்தீங்கன்னா சக்கர நாற்காலிதான். வீட்டுக்குள்ளயும். அதுல உக்காந்தா அப்புறம் கால் மறந்துடும்ப்பா. உங்களை பயமுறுத்தல, தினமும் பாக்குறேன் அந்த மாதிரி ஆளுங்களை."

"நட்டு இருக்கு" என்றார் அவர்.

"நட்டு இருக்கு, போல்ட்டு கழண்டுடுச்சே" என்றாள் மனைவி. மகள் சிரித்துவிட்டு, பேருந்தில் ஏறும் வரை அழுதுகொண்டே போனாள்.

அந்த நட்டுதான் ஒரு நாள் பதில் சொல்வதை நிறுத்தியது.

குளியலறை வாசல். அவர் "போலாமா?" என்றார். நட்டு அந்தப் பக்கம் நின்று அவரையே பார்த்தது. குரைக்கவில்லை. மறுபடி கேட்டார். மடிந்த காதை லேசாகத் தூக்கி, தலையைச் சாய்த்தது. அவ்வளவுதான். "என்னடி, கோவமா? போலாமா?" என்று கத்தினார். அது வாலை இரண்டு தடவை ஆட்டிவிட்டு, அவரைத் தாண்டி, அவருக்கு இடது பக்கம் நிலையோரமாகப் பார்த்தது. மனைவி வந்து தோளைப் பிடித்து ஆட்டி நகர்த்தும் வரை அவர் அங்கேயே நின்றார்.

முதலில் வாரத்தில் ஒரு நாள் இப்படி நடந்தது. அப்புறம் ஒன்றுவிட்டு ஒரு நாள். அப்புறம் தினமும். பிஸ்கட் கொடுத்துப் பார்த்தார். திட்டிப் பார்த்தார். கெஞ்சியும் பார்த்தார். நாய் அவர் வாயைப் பார்த்துக்கொண்டே நிற்கும், பதில் மட்டும் வராது. ஒரு பிற்பகல் மனைவி தைத்த திரைச்சீலையைக் கொடுக்க வெளியே போயிருந்தாள். அவர் குளியலறை வாசலில் முக்கால் மணி நேரம் நின்று, நின்ற இடத்திலேயே பேண்ட்டை நனைத்துவிட்டார். திரும்பி வந்தவள் துடைத்தாள். "நட்டுகூட இதுக்கு வெளியில போகுது" என்று மட்டும் சொல்லி, உடனே நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அன்றைக்கு அந்த முக்கால் மணி நேரத்தில் அவர் அவனைப் பார்த்தார்.

நிலையின் இடது பக்கம், நட்டு பார்த்துக்கொண்டிருந்த அதே இடத்தில், சுவரோடு ஒட்டி நெட்டையாக ஒருவன். முகம் தெரியவில்லை. காக்கிப் பேண்ட்டின் இடது கால் முட்டிக்குக் கீழே காலியாகத் தொங்கியது. இந்த மாத்திரை சாப்பிட்டால் இல்லாத ஆள் தெரியலாம், பயப்படாதீர்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். சரி, மாத்திரைதான். ஆனால் மாத்திரையை விழுங்கியது அவர். நாய் ஏன் அங்கே பார்க்கிறது?

அவர் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். ஒட்டடை நாயின் வாயைக் கட்டிவிட்டான். அன்றைக்குப் பதில் வராமல் நகர்த்தினாய் அல்லவா, இன்றைக்குப் பதில் இல்லாமல் நில்லு பார்க்கலாம் என்கிறான். நியாயம்தான் என்று அவருக்குத் தோன்றியது. அதற்கப்புறம் அவர் நாற்காலியை விட்டு அதிகம் எழவில்லை. மகள் சொன்ன சக்கர நாற்காலி வருவதற்கு முன்பே, சக்கரம் இல்லாத நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

மகள் போனில் கூப்பிட்டால் அப்பா பேசுவது புரியவில்லை என்பாள். லைன் சரியில்லை என்று மனைவி சொல்வாள். ஒரு ஞாயிறு காலை, "பேசிப் பதிவு பண்ணி அனுப்புங்கப்பா, நிதானமா கேட்டுக்கறேன்" என்று மகள் எழுதியிருந்தாள். மனைவி போனை அவர் மடியில் வைத்து, பொத்தானை அழுத்திவிட்டு மெஷினில் போய் உட்கார்ந்தாள். அவர் பேசினார். நன்றாக இருக்கிறேன், சாப்பிடுகிறேன், நட்டுவுக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது, கூப்பிட்டால் பதில் சொல்வதில்லை, நீ வரும்போது அதை ஒரு நல்ல டாக்டரிடம் காட்டு என்று இரண்டு நிமிஷம் தொண்டை கிழியப் பேசினார்.

பத்து நிமிஷத்தில் மகளின் பதில் வந்தது: "அப்பா, மெஷின் ஓடுறதுதான் கேக்குது. நீங்க பேசவே ஆரம்பிக்கலையா?"

அவர் தான் அனுப்பியதைப் போட்டுக் கேட்டார்.

மெஷின் ஓடியது. நின்றது. கத்தரிக்கோல் துணியைக் கடித்தது. நட்டுவின் நகங்கள் தரையில் டிக் டிக்கென்று நடந்து வந்து, பக்கத்தில் நின்றன. அது தன் காதைச் சொறிந்துகொண்டது. வெளியே ஒரு ஸ்கூட்டர் போனது. இரண்டு நிமிஷம். வீட்டில் இருந்த எல்லாமே அதில் இருந்தது, அவரைத் தவிர.

இன்னொரு தடவை போட்டு, காதோடு ஒட்டிவைத்துக் கேட்டார். ஒரு இடத்தில் மட்டும் ஈரத் துணியை உதறுவது போல மெல்லிய மூச்சு. அது அவர் கத்திய இடம்.

நட்டு வாயைக் கட்டிக்கொண்டு நிற்கவில்லை. கேள்வி அதற்குப் போய்ச் சேரவே இல்லை. அவருடைய குரலை வியாதி எப்போதோ தின்றுவிட்டது. அவர் காதுக்கு மட்டும் அது பழைய குரலாகவே கேட்டுக்கொண்டிருந்தது. அப்படியென்றால் குழிக்குள் நின்று ஒருவன் உயிர் போகக் கத்தினாலும் மேலே ஒன்றுமே கேட்காமல் போகலாம். தொண்டை கட்டினவன் கத்தியிருக்கலாம். கத்தியும் கேட்காததால்தான் ஸ்பேனரை எடுத்துத் தட்டியிருப்பான்.

தட்டினான். அதுதான் விஷயம். அவருக்குக் கேட்டது.

அன்றைக்கு, மகளுக்குப் பள்ளிக்கூட ஷூ வாங்க வேண்டும், கடை மூடுவதற்குள் போக வேண்டும் என்ற அவசரத்தில் கை பொத்தான் மேல் இருந்தது. "போலாமா?" என்று கேட்டார், பதில் இல்லை. இரண்டாம் தடவை கேட்டார், பதில் இல்லை. டீ குடிக்கப் போயிருப்பான் என்று நினைத்தார். அப்போது மூன்று தட்டு கேட்டது. கேட்டுக்கொண்டே அழுத்தினார். அது சங்கிலிச் சத்தம் என்று அவர் முடிவு செய்தது சத்தம் கேட்டபோது இல்லை. கீழேயிருந்து அலறல் கேட்ட பிறகு.

மடியில் போன் அணைந்து கறுத்தது. அவர் நாற்காலியின் கைகளை ஊன்றி எழுந்தார். குளியலறைக்குப் போக வேண்டியிருந்தது. நாய் முன்னறையில் மெஷினுக்கு அடியில் தூங்கப் போயிருந்தது. வாசல் வந்தது. கால் ஒட்டியது. இடது பக்கம் அவன் நின்றிருந்தான்.

"போலாமா?" என்றார். சத்தம் வரவில்லை என்று இப்போது அவருக்கே தெரிந்தது. மனைவியைக் கூப்பிட்டாலும் மெஷின் அதை விழுங்கிவிடும். நிலையைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போனால் போகலாம். விழுந்தால் நாற்காலி. விழாமலும் போகலாம். பதில் வராமல் நகர்வது அவருக்கு ஒன்றும் புதிது இல்லை.

அவர் நகரவில்லை. நடுங்குகிற வலது கையைத் தூக்கினார். கட்டைவிரலில் தொடங்கிய நடுக்கம் இப்போது முழங்கை வரை ஏறியிருந்தது. இடது கையால் அதை இறுக்கிப் பிடித்து நிலைக்கு நேராகக் கொண்டுபோய், மோதிரம் மரத்தில் படும்படி தட்டினார்.

ஒன்று. இரண்டு. மூன்று.

பதினேழு வருஷமாகப் பகலில் அந்த வீட்டுக்குள் கேட்காத சத்தம். மெஷின் பட்டென்று நின்றது. நட்டு நகம் சறுக்கச் சறுக்க ஓடி வந்தது. வாசலைத் தாண்டி அந்தப் பக்கம் போய், திரும்பி நின்று, மூச்சு வாங்கிக்கொண்டு அவர் வாயைப் பார்த்தது.

உதடு மட்டும் அசைந்தது. போலாமா?

நாய் உடனே குரைக்கவில்லை. நிலையோரம் அந்த இடத்தை ஒரு தரம் பார்த்தது. கீழே இருப்பவன் ஒதுங்கிக்கொள்ள எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் பொறுத்தது. பிறகு "வள்" என்றது.

கால் எழுந்தது.

வெளியே வந்தபோது மனைவி வாசலில் நின்றுகொண்டிருந்தாள். விரலில் தையல் உறை அப்படியே இருந்தது.

"தட்டினது நீங்களா?"

அவர் அவள் காதைத் தன் வாய்க்குக் கிட்டே இழுத்தார். "அவன் தட்டினான்மா. எனக்குக் கேட்டுச்சு. கேட்டுட்டுதான் அழுத்தினேன்."

அவள் அவர் சட்டைக் காலரைச் சரிசெய்தாள். சரியாக இருந்த காலர்தான்.

"தூக்கத்துல கட்டில்ல தட்டுவீங்க" என்றாள். "எப்பவும் மூணு. இத்தனை வருஷமா. எழுப்பிக் கேக்க எனக்குத்தான் தைரியம் வரல."

அவன் வீட்டுக்குப் போக வேண்டும் என்றார் அவர். ஒட்டடையின் மனைவி எங்கே இருக்கிறாள் என்று தெரியாது, தேடலாம் என்றாள் இவள். மகளிடம் சொல்லித் தேடினார்கள். பழைய முகவரியில் அப்படி யாரும் இல்லை. அக்கம்பக்கத்தில் அவர்கள் பேரைக்கூட யாருக்கும் ஞாபகம் இல்லை. இன்னும் தேடுகிறார்கள்.

லிஃப்ட்காரர் இப்போதும் நடக்கிறார். சக்கர நாற்காலி வரவில்லை. ஒவ்வொரு வாசலிலும் மூன்று தட்டு, நட்டுவின் ஒரு குரைப்பு, ஒரு அடி. குருவி பெல்லைக் கழற்றிவிட்டார்கள். வருகிறவர்கள் கதவைத் தட்டலாம்.

ஆனால் சில பிற்பகல்களில், அவர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போது, மாத்திரையின் தயவில் இரண்டு கையும் மடியில் அசையாமல் இருக்கும்போது, குளியலறைப் பக்கம் தட்டுகிற சத்தம் கேட்கும். நட்டு காதைத் தூக்கும். எழுந்து போய், வாசலுக்கு அந்தப் பக்கம் நின்று, நிலையோரம் யாரையோ நிமிர்ந்து பார்க்கும்.

"குழாய்ல காத்து அடைச்சுக்கிட்டு தட்டுது, வேற ஒண்ணுமில்ல" என்பாள் மனைவி, மெஷினை நிறுத்தாமலே. குழாயாகவும் இருக்கலாம். சங்கிலி என்று ஒரு தடவை சொன்னவர், குழாய் என்று இன்னொரு தடவை சொல்வதில்லை. கையில் இருக்கும் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, நட்டு பதில் சொல்லும் வரை ஆடாமல் அசையாமல் காத்திருப்பார்.